மூன்று பூஜ்யம்

ஏழே கால். ஊசி இரண்டும் ஏறியாகிவிட்டது. இனிப் பதினொன்றே கால் வரை நான் இந்த நாற்காலியில், கதிரேசன் அந்தக் கட்டிலில், நடுவில் டயாலிசிஸ் மெஷின். அவர் ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய்ச் சுத்தமாகி இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வருகிறது. முதல் மாதம் அந்தக் குழாயைப் பார்க்கவே மாட்டேன், இப்போது அதைப் பார்த்துக்கொண்டே இட்லி சாப்பிடுகிறேன். செவ்வாய், வியாழன், சனி, மூன்று வருடமாக இந்த மூன்று கிழமையில் வந்த எந்தக் கல்யாணத்துக்கும் நாங்கள் போனதில்லை. மடியில் லேப்டாப் திறந்திருக்கிறது, ஆபீஸ் கணக்கில் இது வீட்டிலிருந்து வேலை. திரையில் ஒரே ஒரு வரி மாற்றம், அதன் கீழே நீல நிறத்தில் ஒரு பட்டன், 'வெளியிடு'. மூன்று வாரமாக அந்தப் பட்டன் அங்கேயேதான் இருக்கிறது. ஒன்பது தடவை இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்பது தடவையும் அழுத்தாமல் மூடி பைக்குள் வைத்தேன், இது பத்தாவது. அழுத்தினால் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் என் புருஷன் நாலாவது இடத்திலிருந்து இருபத்தேழாவது இடத்துக்குப் போய்விடுவார். அழுத்தாவிட்டால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் லூர்துசாமி ஐயா அந்தப் பட்டியலிலேயே இல்லை. விஷயம் இவ்வளவுதான். இவ்வளவுதான், இவ்வளவுதான் என்று சொல்லிப் பார்க்கிறேன், சொல்லச் சொல்லச் சின்னதாகுமா என்று. ஆகவில்லை.

தப்பு என்னுடையது. அதையும் தினமும் ஒரு தடவை எனக்குள் சொல்லிக்கொள்கிறேன், பல் தேய்க்கிற மாதிரி. பன்னிரண்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரே பட்டியல் வைத்துக்கொள்வது என்று முடிவானபோது அந்த மென்பொருள் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது, நான்தான் கேட்டு வாங்கினேன். கதிரேசனைப் பட்டியலில் சேர்த்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்த வேலைக்குப் பக்கத்தில் இருந்தால் கிட்னிக்கும் பக்கத்தில் இருக்கிற மாதிரி ஒரு முட்டாள்தனம். நோயாளிகளின் விவரம் ஒரு அட்டவணை, காத்திருக்கும் வரிசை இன்னொரு அட்டவணை, இரண்டையும் இணைக்கும் சாவி பதிவு எண். விவரம், அதுவரை பட்டியலை வைத்திருந்த பழைய ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது, அங்கே பதிவு எண்ணை எழுத்தாகச் சேமித்திருந்தார்கள். வரிசை நாங்கள் புதிதாகச் செய்தது, அதில் அது எண். இது ஒன்றும் புது வியாதி இல்லை, இந்தத் தொழிலில் எல்லாருக்கும் வருகிற சளிதான். எண்ணை எழுத்தாக மாற்றி ஒப்பிடு என்று, இரண்டையும் பொருத்தும் மேப்பிங்கில் ஒரு வரி போட்டால் தீர்ந்தது. போட்டேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பொங்குவதற்குள் எழுதி முடிக்கிற வரி. ஆனால் பழைய ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் எண்ணுக்கு ஆறு கட்டம் அச்சடித்திருந்தார்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் எவனாவது பின்னால் வந்து முன்னால் ஒரு இலக்கத்தைச் செருகிவிடுவான் என்று அங்கிருந்த கிளார்க் காலிக் கட்டங்களையெல்லாம் பூஜ்யத்தால் அடைத்திருக்கிறார். நேர்மையான மனுஷர். 000731. என் பக்கத்தில் 731. பார்க்கிற எவருக்கும் தெரியும் இரண்டும் ஒரே ஆள் என்று, ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் அது வேறு இது வேறு. பிறகு பதிந்தவர்களுக்கு எண்ணே இரண்டு லட்சத்துக்கு மேல்தான் தொடங்கியது, முன்னால் பூஜ்யம் கிடையாது, அவர்கள் எல்லாரும் ஒழுங்காகச் சேர்ந்தார்கள். பழையவர்கள் சேரவில்லை. சேராவிட்டால் ஜாயின், அதாவது அந்த இணைப்பு, கத்தாது. சேராதவர்களை ஓசைப்படாமல் விட்டுவிட்டு மிச்சம் இருப்பவர்களை அழகாக வரிசைப்படுத்திக் கொடுக்கும். சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு பிழை வந்து என் முகத்தில் அறைந்திருந்தால் அன்றைக்கே உட்கார்ந்து சரி செய்திருப்பேன். வரவில்லை. எல்லாம் பச்சை டிக்.

பச்சை டிக். அதில்தான் மனசு போய்ப் போய் மாட்டிக்கொள்கிறது. எப்படிச் சோதித்தேன்? யார் எண்ணைப் போட்டுச் சோதித்தேன்? நூறு மாதிரி எண்கள் கொடுத்திருந்தார்கள், அதையெல்லாம் தொடவில்லை. கதிரேசனின் எண்ணைப் போட்டேன். 210045. எனக்கு அவர் பெயரைத் திரையில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வந்தது. மா. கதிரேசன், ஆண், ஓ பாசிட்டிவ், இடம் பத்தொன்பது. அழுதேன்கூட. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மேனேஜர் கிருபாகரனிடம் சோதனை முடிந்தது என்றேன், அவர் எதையும் படிக்காமல் சரி என்பவர், சரி என்றார். அதற்கு முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியில், இவருக்கு முன்னால் இதே ரத்த வகையில் ஐம்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஐம்பத்தொன்பதாவது ஆள் எப்படிப் பத்தொன்பதாவது ஆனார்? நாற்பது பேர் எங்கே போனார்கள்? நல்லது நடக்கும்போது எவளாவது கணக்குக் கேட்பாளா? நான் கேட்கவில்லை. வயலூர் முருகனுக்கு வேண்டியிருந்தேன், ஆகவே முருகன் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் பிடித்துப் போய் அபிஷேகம் செய்துவிட்டு வந்தேன். நன்றி முருகனுக்கு, காரியம் என்னுடையது. பத்தொன்பது, பதினாறு, பதினொன்று, ஏழு, நாலு என்று இரண்டு வருடத்தில் மளமளவென்று இறங்கியது. இடம் மாறினால் அவரவர் போனுக்குத் தானாகவே செய்தி போகும், அந்தச் செய்தியின் வாசகத்தையும் நான்தான் எழுதினேன், அன்புடையீர் என்று தொடங்கும். ஒவ்வொரு தடவையும் கதிரேசன் அதை எனக்குப் படித்துக் காட்டுவார். எனக்கு, எழுதினவளுக்கு.

நாற்பது பேர். இப்போது எனக்கு எல்லாரையும் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை லூர்துசாமி ஐயா தன் மஞ்சள் பையிலிருந்து ஃபைலை எடுத்துக் கொடுத்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தோரு வயது, மனைவி இல்லை, மகள் ஓசூரில். "ஏம்மா, நீங்க கம்ப்யூட்டர்லதான வேல பாக்குறீங்க? தம்பிக்கெல்லாம் மெசேஜ் வருது, எனக்கு ரெண்டு வருஷமா ஒண்ணுகூட வரலியே. பேரு இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்றார். இருக்கும் ஐயா, எங்கே போகும் என்று சொல்லிக்கொண்டே ஃபைலைத் திறந்தேன். ஆறு கட்டம். நீல மையில் மூன்று பூஜ்யம், பிறகு ஏழு, மூன்று, ஒன்று. பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. மாடிப்படியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்து, அது இல்லாமல் போன மாதிரி. கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு லேப்டாப்பை வாஷ்பேசின் மேல் வைத்துத் தேடினேன். முன்னால் பூஜ்யம் உள்ளவர்கள், ஓ பாசிட்டிவ், நாற்பது பேர். எல்லாரும் கதிரேசனுக்கு முன்னால் பதிந்தவர்கள். பதினேழு பேருக்கு இறந்த தேதி இருந்தது. எல்லாத் தேதியும் என் மென்பொருள் ஓடத் தொடங்கியதற்குப் பிறகு. மிச்சம் இருபத்துமூன்று. வெளியே வந்து, சர்வர் மெதுவாக இருக்கிறது ஐயா, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "அவசரமில்லம்மா" என்றார். அவசரமில்லை என்கிறார்.

அந்தப் பதினேழு பேரும் கிடைத்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள் என்று யார் சொன்னது? இப்படி ஒன்று கேட்டுக்கொள்வேன். அவர்களுக்குப் போக வேண்டியது வேறு யாருக்கோ போயிருக்கிறது, அவர்களும் நோயாளிகள்தானே, ஒரு சிறுநீரகமும் குப்பைக்குப் போகவில்லையே. இப்படி இன்னொன்று. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது, வக்கீலுக்குப் படித்திருக்கலாம். லூர்துசாமி ஐயா விஷயத்தில் என் பதில்தான் மிகவும் கேவலமானது. அதே ஃபைலில் இரண்டு எக்கோ ரிப்போர்ட் இருக்கிறது. போன மாதத்து ரிப்போர்ட்டில் இதயத்தின் திறன் இருபத்தைந்து சதவீதம். இந்த இதயம் ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஐயாவுக்கு ஆங்கிலம் வராது, என்னிடம்தான் படிக்கச் சொன்னார், கொஞ்சம் வீக்காக இருக்காம், உப்பைக் குறைக்கச் சொல்றாங்க என்றேன். ஆகவே அவரைச் சேர்த்து என்ன பயன், சேர்த்தாலும் கிடைக்காது, அவருக்காகக் கதிரேசனை ஏன் கீழே தள்ள வேண்டும்? இப்படி ஒரு பதில். ஆனால் பக்கத்தைப் புரட்டினால் பழைய ரிப்போர்ட். இரண்டு வருடத்துக்கு முந்தினது. அறுபது சதவீதம். அறுபது என்றால் என் இதயமும் உங்கள் இதயமும் இருக்கிற மாதிரி. அப்போது கூப்பிட்டிருந்தால் நடந்தே போய் ஆபரேஷனுக்குப் படுத்திருப்பார். பக்கத்தை மூடிவிடுவேன். மூடினாலும் அறுபது அறுபதாகத்தான் இருக்கிறது.

கதிரேசன் கண்ணை மூடியிருக்கிறார், தூங்கவில்லை. தூங்கினால் வாய் கொஞ்சம் திறக்கும். இடது கையில், ஊசி குத்துகிற இடத்தில், தோலுக்கடியில் ரத்தம் கிர்ரென்று ஓடுவதைத் தொட்டுப் பார்க்கலாம், நான் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன். என்னுடையதைக் கொடுக்கலாமென்று முதலிலேயே பார்த்தோம், என் ரத்தம் பி, சேராது. அவர் அம்மாவுக்குச் சர்க்கரை, அக்கா புருஷன் அக்காவை விடவில்லை. ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர், அதில் மாத்திரைக்கும் காபிக்கும் போக மிச்சத்தை ஐஸ் கட்டியாக்கி வாயில் ஒதுக்கிக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுக்கிறவர், காவிரி எங்கே பிறக்கிறது என்று பாடம் நடத்தும்போதே நாக்கு வறண்டு போகிறது என்பார், சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நாலு என்று செய்தி வந்த அன்றைக்குக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பித்தளைச் சொம்பு வாங்கி வந்தார். "வளரு, இதுல முழுசா ஒரு சொம்பு, ஒரே மூச்சுல குடிப்பேன். நீ பக்கத்துல நின்னு பாரு." புளி போட்டுத் தேய்த்து அலமாரியில் வைத்திருக்கிறார். யாராவது வீட்டுக்கு வந்தால் அதைக் காட்டுகிறார். நான் எதை அழுத்துவது? அந்தச் சொம்பை வைத்துக்கொண்டு எதை அழுத்துவது? நாலு என்றால் ஒரு வருடத்துக்குள். இருபத்தேழு என்றால் எனக்குத் தெரிந்த கணக்கில் நாலு வருடம், அவ்வளவு வருடம் இந்த மெஷினில் எத்தனை பேர் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த அட்டவணையும் என்னிடம்தான் இருக்கிறது.

ஒன்பதே முக்காலுக்கு மெஷின் கத்தியது. கதிரேசன் கொட்டாவி விட்டார், அது எனக்குத் தெரியும், கொட்டாவி வந்தால் பிரஷர் இறங்குகிறது. முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. வளரு, வளரு என்றார், வலது கெண்டைக்கால் இறுகிக் கல்லாக நின்றது, நான் இரண்டு கையாலும் பிடித்துப் பாதத்தை மேலே தள்ளினேன். டெக்னீஷியன் நஸ்ரீன் ஓடி வந்து கட்டிலின் தலைமாட்டை இறக்கிச் சலைனைத் திறந்துவிட்டாள். "ஒண்ணுமில்ல சார், மூச்ச இழுத்து விடுங்க. அக்கா, நீங்க அழாதீங்க, உங்களப் பாத்தா அவரு பயப்படுவாரு." நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதே அவள் சொல்லித்தான் தெரிந்தது. செத்துப்போய்விடுவார், இன்றைக்கு இல்லையென்றால் வியாழக்கிழமை, அழுத்தாதே, அழுத்தாதே என்று உள்ளே ஒரு குரல், கேவலமான குரல், என் குரல். ஐந்து நிமிடத்தில் முகத்துக்கு நிறம் திரும்பியது. போர்வையை இழுத்து விட்டேன். "பயந்துட்டியா?" என்று கேட்டார். இல்லீங்க என்றேன். லேப்டாப் தரையில் கிடந்தது, எடுத்துத் துடைத்தேன், திரை அணையவில்லை, பட்டன் நீலமாக அப்படியே இருந்தது. இந்தப் பத்தாவது தடவையும் மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அப்போதுதான் லூர்துசாமி ஐயாவைப் பார்த்தேன். ஊசி இல்லாத கையில் ஜெபமாலை, உதடு அசைந்துகொண்டிருந்தது. முடித்து மாலையை முத்தமிட்டுத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "தம்பி, இப்ப பரவால்லியா? பயப்படாதீங்க. தினமும் ஜெபமாலை சொல்லும்போது உங்களுக்குன்னு தனியா பத்து மணி உருட்டி ஜெபம் சொல்றேன். நாலுலேருந்து ஒண்ணுக்கு வர என்ன நாளாகும்? எனக்குக் கெடைக்கலன்னாக்கூடப் போவுது, வயசாச்சு. மொதல்ல உங்களுக்குக் கெடைக்கட்டும்." கதிரேசன் கையெடுத்துக் கும்பிட முடியாமல் தலையை மட்டும் அசைத்தார். "உங்களுக்கும் வரும் ஐயா. அதான் வளரு பாக்குறேன்னு சொல்லியிருக்கால்ல." இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்தது கோபம். இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம், சுத்தமான கோபம். ஏன் இந்த மனிதர் இப்படி இருக்கிறார், ஏன் என்னைத் திட்டமாட்டேன் என்கிறார், எவள் இவர் இடத்தைத் தின்றாளோ அவள் புருஷனுக்காக ஜெபம் சொல்கிறாரே, இதை நான் வியாழக்கிழமையும் கேட்க வேண்டுமா, சனிக்கிழமையும் கேட்க வேண்டுமா, இவர் போகிற வரைக்கும் கேட்க வேண்டுமா? அழுத்தினேன். அழுத்திவிட்டு விரலைப் பார்த்தேன். சாவியை ஆறு இலக்கமாக்கு, குறைந்தால் முன்னால் பூஜ்யம் சேர், ஒரே வரி, போய்விட்டது. உடனே திரும்ப எடுத்துவிடலாம் என்று தோன்றியது, எடுக்கவும் முடியும், அதற்கும் ஒரு பட்டன் இருக்கிறது. லேப்டாப்பை மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். நிஜமாகவே உட்கார்ந்துகொண்டேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை சிலேட்டை ஒளித்துக்கொள்வது போல.

பத்து மணிக்குப் பட்டியல் புதுப்பிக்கப்படும். டிவியில் சத்தமில்லாமல் யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருந்தான். டெட்டால் வாசனையும் யாரோ திறந்த தயிர்சாதத்தின் வாசனையும் சேர்ந்து வந்தது. கிருபாகரன் கேட்பார், ஏன் திடீரென்று இத்தனை பேர் வந்தார்கள் என்று. சொல்ல வேண்டும், வேலை போகும், போகட்டும். பதினேழு வீட்டுக்கு யாராவது சொல்ல வேண்டும், யார் சொல்வது, அன்புடையீர் என்று தொடங்கலாமா? லூர்துசாமி ஐயாவின் போன் முதலில் சத்தம் போட்டது. பழைய பட்டன் போன், தலையணை ஓரத்தில் கிடந்தது, கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியாது, என்னிடம் நீட்டினார். வாங்கினேன். வாசித்தேன். "அன்புடையீர், சிறுநீரகக் காத்திருப்போர் பட்டியலில் தங்கள் இடம் ஒன்று. மருத்துவத் தகுதிச் சான்றுடன் தொடர்புகொள்ளவும்."   "இன்னொரு வாட்டி படிங்கம்மா" என்றார், படித்தேன். "நஸ்ரீன் பாப்பா, எம்பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் குடு தாயி. ஒண்ணாவது எடமாம்! ஒண்ணாவது எடம்!" போனை என்னிடமிருந்து வாங்கி ஒரு கையால் அவளிடம் நீட்டினார், கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க இன்னொரு கை ஊசியோடு கட்டிலில் கிடந்தது. நஸ்ரீன் என்னைப் பார்த்தாள். எக்கோ ரிப்போர்ட்டை அவளும் படித்திருக்கிறாள். போன மாதம் வந்ததையும், அதற்கு முந்தினதையும்.

கதிரேசனின் போன் அதிர்ந்தது. மார்பு மேல் வைத்திருந்தார், எடுத்துப் பார்த்தார், தள்ளி வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வழக்கம் போல எனக்குப் படித்துக் காட்டவில்லை.

"வளரு, இருபத்தேழுன்னு வந்திருக்கு. ஏதோ தப்பு. ஆபீஸ்ல சொல்லி சரி பண்ணச் சொல்லு."

"சரி பண்ணியாச்சுங்க" என்றேன். "இப்பதான் சரி."

போனைக் கவிழ்த்து மார்பு மேலேயே வைத்தார். பக்கத்துக் கட்டிலில் லூர்துசாமி ஐயா மகளிடம், உடனே லீவு போட்டுட்டுக் கெளம்பி வா என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கதிரேசன் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்தேழிலிருந்து நாலைக் கழித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"இருபத்துமூணு பேரு" என்றார். "இத்தன நாளா இவங்கல்லாம் எங்க இருந்தாங்க?"

"இங்கதாங்க" என்றேன்.